உவர் நிலத்துக்கு எந்தப் புல், எப்போது, எப்படி: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உவர் நிலத்தில் நட்ட புல் கருகிப் போனால் புல்லைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலான இடங்களில் குறை புல்லில் இருப்பதில்லை. அந்த நிலத்துக்கு உப்பு எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் நட்டதும், முதல் இரண்டு மாதங்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்காத பருவத்தில் நட்டதுமே காரணமாக இருக்கும். இந்த இரண்டையும் கவனித்துக்கொண்டால், மணக்குடிக் காயலோரத்துக் களிமண்ணானாலும், சாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களை ஒட்டிய தரிசானாலும், அஞ்சுகிராமம் பக்கத்து வறண்ட செம்மண்ணானாலும், நம் மண்ணுக்கே உரிய புல்வகைகளைக் கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளில் பச்சை பிடிக்க வைக்க முடியும். பத்து, இருபது சென்ட் நிலத்தை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

புல் என்ன செய்யும், என்ன செய்யாது

புல் உப்பை உறிஞ்சி எடுத்து நிலத்தைச் சுத்தமாக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அறுத்து வெளியே கொண்டுபோகும் புல்லோடு சிறிதளவு உப்பு போவது உண்மைதான். ஆனால் மண்ணில் இருக்கும் உப்போடு ஒப்பிட்டால் அது மிகவும் குறைவு. புல் செய்யும் பெரிய வேலை வேறு. வெயில் நேரடியாகப் படும் வெற்று மண்ணில், அடியில் இருக்கும் உப்புநீர் நுண்துளைகள் வழியாக மேலே ஏறி, நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. பங்குனி, சித்திரையில் தரையில் வெள்ளையாகப் பூத்திருப்பது இதுதான். புல் மூடிய தரையில் இந்த ஏற்றம் குறைகிறது. அதன் வேர்கள் இறங்கிய வழியில் மழைநீரும் இறங்கி, உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போகிறது. ஆகவே உப்பை அகற்றுவது மழைதான். அதற்கு வழி திறந்துவிடுவதும், அகன்ற உப்பு திரும்பி ஏறாமல் பார்த்துக்கொள்வதும் புல்லின் பங்கு. இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற எல்லாப் படிகளின் காரணமும் தானாகவே விளங்கும்.

முதற்படி: உப்பு வரும் வழியைக் கண்டறிதல்

கடற்கரை மணலில் உப்பு பெரும்பாலும் மண்ணில் இருப்பதில்லை. மணல் தண்ணீரை நிறுத்தாது; ஒரு நல்ல மழை பெய்தால் உப்பு இறங்கிவிடும். அங்கே செடியைக் கொல்வது உப்புக்காற்றும், வறட்சியும், சத்தில்லாமையும், வேரை வெளியே காட்டிவிடும் மணல் நகர்வும்தான். காயலோரத்திலும் உப்பளத்து ஓரத்திலும் நிலைமை நேர்மாறானது. அங்கே மண்ணே உப்பு. நிலத்தடி நீர் உப்பு. மழைக்காலத்தில் நீர் தேங்கவும் செய்யும். மூன்றாவது வகை, கடலிலிருந்து தள்ளியிருந்தும் உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து உவர்ந்துபோன தோட்டம். கடலோரத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் இருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். இத்தகைய தோட்டத்தில் புல்லை மாற்றுவதற்கு முன்பு இறைப்பைக் குறைக்க வேண்டும்.

நான்காவதாக, கடல் நேரடியாக ஏறிய நிலம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மணக்குடி, குளச்சல் பகுதிகளில் ஊருக்குள் ஏறியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. கடல்நீர் ஒருமுறை ஏறி வடிந்த நிலத்தில், வடிகால் மட்டும் சரியாக இருந்தால், அடுத்தடுத்த மழைகளே பெரும்பகுதி உப்பைக் கழுவிவிடும். ஆனால் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின்போதெல்லாம் ஓதநீர் உள்ளே வரும் நிலம் வேறு வகை. அங்கே வரப்பை உயர்த்தி ஓதத்தைத் தடுக்காமல் அருகம்புல்லோ, தீவனத்துக்கான கொழுக்கட்டைப் புல்லோ நடுவது வீண் செலவு.

நிலத்தில் ஏற்கெனவே என்ன முளைத்திருக்கிறது என்பதையும் நடந்து பாருங்கள். வெறுமையான வெள்ளைத் திட்டு, அதைச் சுற்றி உமரி என்ற சதைப்பற்றுள்ள செடி, அதற்கு வெளியே தரையோடு படரும் கடினமான உப்புப்புல், மேடான வரப்பில் அருகு என்று பட்டை பட்டையாகத் தெரியும். உப்பின் அளவை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் காட்டாது. அந்த எல்லைகளில் குச்சி நட்டு அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மண்ணையும் தண்ணீரையும் சோதித்தல்

மண் மாதிரியைப் பங்குனி கடைசியில், மழைக்கு முன்பு எடுப்பது நல்லது. அப்போதுதான் உப்பு அதன் உச்சத்தில் இருக்கும். மேலே பூத்திருக்கும் பொருக்கைத் தனியாகச் சுரண்டி ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சீராக ஒரு பட்டை மண் எடுங்கள். ஒரே மாதிரியான நிலத்தில் ஏழெட்டு இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ போதும். 15 முதல் 30 செ.மீ. வரையிலான ஆழத்துக்கு இன்னொரு மாதிரி தனியாக வேண்டும். வெள்ளைத் திட்டையும் நல்ல பகுதியையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். அப்படிக் கலந்த மாதிரியின் முடிவு இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் குறைந்த கட்டணத்தில் பார்த்துக் கொடுப்பார்கள். திருப்பதிசாரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோய் உடன் கொடுத்துவிடுங்கள்.

முடிவில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன். மற்றொன்று கார அமில நிலை (pH). நூல்களில், மண்ணைக் குழம்பாக நனைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸுக்கு மேல் இருந்தால் உவர் நிலம் என்பார்கள். நெல் 3-ஐத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கும். அருகம்புல் ஏறத்தாழ 7 வரையிலும், வெட்டிவேர் ஏறத்தாழ 8 வரையிலும் பாதிப்பில்லாமல் வளரும். வெட்டிவேரின் வளர்ச்சி பாதியாவது 16-ஐத் தாண்டிய பிறகுதான். கடல்நீர் ஏறத்தாழ 50. இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் மண் ஒரு பங்குக்கு நீர் இரண்டு பங்கு சேர்த்துக் கலக்கி அளக்கின்றன. அந்த எண் இயல்பாகவே சிறியதாக வரும். நூல் சொல்லும் அளவு அதைப்போலப் பல மடங்கு, மணலில் இன்னும் அதிகம். மண் பரிசோதனை அட்டையில் 2 என்று வந்திருப்பதைப் பார்த்து உப்பே இல்லை என்று எண்ணிவிடாமல், எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் அது களர். சோடியம் மண் துகள்களைப் பிரித்து, காய்ந்தால் கல்லாகவும் நனைந்தால் சேறாகவும் ஆக்கிவிடும். வீட்டிலேயே இதற்கு ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீர் எடுத்து, நிலக்கடலை அளவுள்ள காய்ந்த மண்கட்டியை மெல்ல உள்ளே விட்டு, கலக்காமல் இரண்டு மணி நேரம் வைத்துவிடுங்கள். கட்டி உடைந்து அடியில் குவிந்து, நீர் தெளிவாகவே இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிக் கலங்கல் வளையம் எழுந்து, மெல்லப் பரவி, தம்ளர் முழுவதும் கலங்கிப்போனால் சோடியம் மிகுந்திருக்கிறது. உப்பு மிக அதிகமான களிமண்ணில் உப்பே துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் முதலில் தெளிவாகத் தெரியும் மண், மழை உப்பைக் கழுவிய பிறகு கலங்கத் தொடங்கலாம். காயலோரத்து நிலமானால் மழை முடிந்ததும் இந்தச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். கலங்கினால் ஆய்வகம் சொல்லும் அளவில் ஜிப்சம் இட வேண்டும். களர் இல்லாத வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையில்லை. யார் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

மூன்றாம் படி: புல்லைத் தேர்ந்தெடுத்தல்

உப்பளத்து ஓரத்துக் களிமண்ணுக்கு ஏற்றவை இரண்டு உப்புப்புற்கள். ஏலூரோப்பஸ் லாகோபாய்டஸ், ஸ்போரோபோலஸ் விர்ஜினிகஸ் என்பன தாவரவியலார் சொல்லும் பெயர்கள். இரண்டும் அருகைப்போலத் தரையோடு படர்பவை. இலை குட்டையாகவும் விறைப்பாகவும் கூர்மையாகவும் இருக்கும். விடியற்காலையில் குனிந்து அந்த இலையைப் பாருங்கள்: மேற்பரப்பில் சர்க்கரை தூவியதுபோல நுண்ணிய படிகங்கள் மின்னும். விரலால் தொட்டு நாவில் வைத்தால் உப்பு. வேர் வழியாக வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. காற்றும் மழையும் அதை உதிர்த்துவிடுகின்றன. மற்ற எந்தப் புல்லும் நிற்காத மண்ணில் இவை நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நாற்றங்காலில் இவற்றைத் தேடாதீர்கள். உங்கள் நிலத்தின் ஓரத்திலேயே இருக்கக்கூடும், இல்லையென்றால் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நடுத்தர உவர்ப்புள்ள வரப்பு, ஓடைக்கரை, கால்வாய்க்கரை, சரிவு ஆகியவற்றுக்கு வெட்டிவேருக்கு இணையானது இல்லை. வேர் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாக மூன்று மீட்டர் வரை இறங்கும். பக்கத்துப் பயிரோடு போட்டியிடாது. ஆனால் நிழலைப் பொறுக்காது. அடர்ந்த தென்னந்தோப்பின் நடுவில் நட்டால் மெலிந்து போகும். தோப்பின் வெளி வரப்பில் நடுங்கள்.

தீவனமே நோக்கமென்றால், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வறண்ட, நீர் வடியும் செம்மண்ணிலும் மணற்பாங்கான மண்ணிலும் கொழுக்கட்டைப் புல்லைத் தேர்ந்தெடுங்கள். வறட்சியை நன்றாகத் தாங்கும். மிதமான உப்பையும் தாங்கும். நீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும். அருகம்புல் உப்பையும் நீர்த்தேக்கத்தையும் ஓரளவு தாங்கும் என்பதால் வரப்புக்கும் மேய்ச்சலுக்கும் நல்லது. ஆனால் வயலுக்குள் புகுந்தால் அகற்றுவது பெரும்பாடு என்பதை நினைவில் வையுங்கள். புதியவர்கள் பலர் முதலில் வாங்கி வருவது கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணைகளைத்தான். அது நல்ல மண்ணுக்கும் நிறைந்த தண்ணீருக்கும் உரிய பயிர். உவர் நிலத்தில் அதற்குச் செலவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கடலை நோக்கிய மணல்மேட்டுக்கு இராவணன் மீசையும் அடும்பங்கொடியும் போதும். இராவணன் மீசையின் இலை நுனி ஊசியாகக் குத்தும், மாடு தின்னாது, பிள்ளைகள் நடக்கும் வழியிலும் நடக்கூடாது. மணலைக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. ஏற்கெனவே நிற்கும் மணல்மேட்டிலிருந்து அதைப் பிடுங்கி எடுப்பது, ஒரு வீட்டைக் காக்க மற்றொரு வீட்டின் சுவரை இடிப்பதாகும். மணல்மேட்டை வெட்டுவதும் சமப்படுத்துவதும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தடை செய்யப்பட்டவை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: பருவமும் நிலத் தயாரிப்பும்

30 செ.மீ. ஆழ மண்ணிலிருந்து பத்தில் எட்டுப் பங்கு உப்பைக் கழுவ, ஏறத்தாழ 30 செ.மீ. நீர் அதனூடாக இறங்க வேண்டும். ஒரு சென்டுக்குக் கணக்கிட்டால் இது சுமார் 12,000 லிட்டர். குழாயிலோ லாரித் தண்ணீரிலோ நடக்கிற காரியம் இல்லை. மழையைத்தான் நம்ப வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பது பெரிய பேறு. கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்தில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) நன்றாகப் பிடித்த பிறகு, அதாவது ஜூனில் நடலாம். கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வீசும் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் வேகம் மிகுதி; மழை குறைவு; இளம் புல் உலர்ந்துவிடும். அங்கே ஐப்பசி மழையில் நடுவதே சரி. கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடவு முடிந்து ஆள் கிடைப்பதும் ஏறத்தாழ அப்போதுதான்.

மழைக்கு ஒரு மாதம் முன்பு, மேலே பூத்த உப்புப் பொருக்கைச் சுரண்டி நிலத்துக்கு வெளியே, வடிகாலுக்குக் கீழ்ப்புறம் கொட்டுங்கள். நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, மழைநீர் ஓடிவிடாமல் ஓரடி உயர வரப்பு கட்டுங்கள். களிமண்ணானால் தாழ்ந்த பக்கத்தில் ஒரு வடிகாலும் கட்டாயம் வேண்டும். உள்ளே இறங்கிய உப்புநீர் வெளியேற வழியில்லாவிட்டால் வெயிலில் மறுபடி மேலே வந்துவிடும். முதல் இரண்டு மூன்று கனமழைகளைப் பாத்தியில் நிறுத்தி இறங்க விட்டு, அதன் பிறகே நடுங்கள். முதல் மழை கண்டவுடன் நட வேண்டும் என்று ஆசை எழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்கிய சாணி எருவைச் சென்டுக்கு இரண்டு மூன்று கடவம் (பெரிய ஓலைக்கூடை) போட்டுக் கொத்திவிடலாம். கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. இந்த நிலத்துக்கு வேண்டாம். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் ஒரு மழைக்காலமாவது வெளியே கிடந்து கழுவப்பட்டதாக இருக்கட்டும். காயலில் ஊறப்போட்ட கதம்பையின் (தேங்காய் மட்டையின்) கழிவு உப்பைச் சுமந்துகொண்டே வரும்.

ஐந்தாம் படி: நடுதல்

பார் (உயர்த்திய மண் வரிசை) பிடித்து நடுவதானால், பாரின் உச்சியில் நடாதீர்கள். நீர் பக்கத்திலிருந்து ஏறி உச்சியில் ஆவியாவதால் உப்பு முழுவதும் அங்கேதான் சேரும். பாரின் சரிவில், பாதிக்குக் கீழே நட்டால் அதே நிலத்தில் அதே புல் பிழைத்துக்கொள்ளும்.

வெட்டிவேர்த் தூரைப் பிரித்து, இரண்டு மூன்று கிளைத்தூர்கள் சேர்ந்த நாற்றாக எடுங்கள். வெட்டுக்கத்தியால் இலையை 20 செ.மீ. விட்டுக் கிள்ளி, வேரை ஏழெட்டு செ.மீ. விட்டு நறுக்கி, அடிப்பகுதி பச்சையாகவும் உறுதியாகவும் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாணிக்கரைசலில் ஓர் இரவு நிறுத்தி வைத்தால் வேர் விரைவாக விடும். சரிவுக்குக் குறுக்கே, 15 செ.மீ. இடைவெளியில் ஒரே வரிசையாக நடுங்கள்; பத்து மீட்டருக்கு ஏறத்தாழ 70 நாற்று வேண்டும். செலவு கருதி இடைவெளியைக் கூட்டினால் வேலி அடையாது. நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நெருக்கத்தைக் குறைக்காதீர்கள்.

உப்புப்புல்லை மண்ணோடு சேர்த்து நான்கு விரற்கடைச் சதுரக் கட்டிகளாக வெட்டி, ஓரடிக்கு ஒன்றாகப் பதியுங்கள். வெள்ளைத் திட்டின் நடுவில் தொடங்கக்கூடாது. நீங்கள் குச்சி நட்ட எல்லையிலிருந்து உள்நோக்கி ஆண்டுக்கு ஒரு பட்டையாக முன்னேற வேண்டும். ஒவ்வொரு பட்டையும் அடுத்ததற்குத் தரையைப் பக்குவப்படுத்தும். அருகை இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாக நட்டால் போதும்.

கொழுக்கட்டைப் புல் விதை பஞ்சுபோன்ற மயிரோடு இருப்பதால் கையில் ஒட்டும், காற்றில் பறக்கும். ஈர மணலோடு பிசைந்து தூவி, ஒரு செ.மீ.க்கு மேல் மண் மூடாமல் மெல்லக் கீறிவிடுங்கள். பத்து சென்டுக்குச் சுமார் 300 கிராம் விதை வேண்டும். புதிதாக அறுத்த விதை உறக்கத்தில் இருக்கும், முளைக்காது. ஆறு மாதமாவது பழகிய விதைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: முதல் ஆண்டு

உப்பைத் தாங்கும் புல் என்றாலும் முளைக்கும்போதும் வேர் பிடிக்கும்போதும் அது மென்மையானது. தாங்கும் திறன் முழுவதும் வேர் இறங்கிய பிறகே வரும். மழை இடைவெளி விட்டால் குளத்துத் தண்ணீரோ, கூரையிலிருந்து பிடித்த மழைநீரோ ஊற்றுங்கள். உப்புக் கிணறு ஒன்றே வழி என்றால், மாலையில், இலையில் படாமல் மூட்டில் (அடிப்பகுதியில்) ஊற்றுங்கள். சிறிது சிறிதாக அடிக்கடி ஊற்றாமல், நன்றாக இறங்கும்படி ஒரேமுறையில் ஊற்றுங்கள். மேலாக நனைப்பது உப்பைக் கழுவாது, சேர்க்கவே செய்யும். கடற்காற்று படும் பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்குத் தென்னோலைத் தட்டி கட்டுவது முதல் ஆண்டு முழுவதும் பயன் தரும். இடைவெளியில் காய்ந்த ஓலைத் துண்டுகளைப் பரப்பி மண்ணை மூடிவையுங்கள். இறந்த நாற்றுகளை அந்த மழைக்காலத்துக்குள்ளேயே மாற்றி நடுங்கள். வெட்டிவேர் வரிசையில் ஓர் ஓட்டை இருந்தால் வெள்ளம் அந்த ஓட்டையைத்தான் தேடி வரும். தென்னை மூட்டிலிருந்து சுற்றிலும் இரண்டு மீட்டர் தூரத்துக்குப் புல் ஏறவிடாதீர்கள்.

முதல் ஆண்டில் மேய்ச்சல் கூடாது. ஆடு குருத்தைக் கடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். வெட்டிவேரை மட்டும் நான்கைந்து மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தூர் பெருகும். வெட்டிய இலையை அங்கேயே மூடாக்காகப் போடலாம். கொழுக்கட்டைப் புல்லை இரண்டாம் ஆண்டிலிருந்து, பூக்கத் தொடங்கும்போது, தரையிலிருந்து நான்கு விரற்கடை விட்டு அறுத்துக் கொடுங்கள். உப்புப்புல்லைத் தீவனத்தில் ஒரு பங்காக மட்டும், வைக்கோலோடு கலந்து கொடுப்பது நல்லது. அதைத் தின்னும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல தண்ணீர் எந்நேரமும் முன்னால் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பங்குனியிலும் அதே இடத்தில், அதே ஆழத்தில் மண் எடுத்துச் சோதித்து, எண்களை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மேல்மண்ணின் எண் குறைந்து அடிமண்ணின் எண் கூடியிருந்தால் உப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது, அப்படியே தொடரலாம். இரண்டும் குறைந்திருந்தால் உப்புப்புல் நின்ற பட்டையில் அருகையோ வெட்டிவேரையோ நட்டுப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. இரண்டு மழைக்காலம் கடந்தும் எண் அசையவில்லை என்றால் புல்லை மாற்றாதீர்கள். வடிகாலைத் தோண்டிப் பாருங்கள், வரப்பில் ஓதநீர் புகும் நண்டு வளைகளைத் தேடி அடையுங்கள், கிணற்றுத் தண்ணீரை மறுபடி சோதனைக்கு அனுப்புங்கள்.